16 வரிசைக்குள் எறையூர்

எறையூர் என்றால் பெரம்பலூர்ப் பக்கத்தில் சர்க்கரை ஆலைதான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கு அந்தப் பெயரை எல்.இ.டி. எழுத்தில் பார்த்தால் புள்ளிகளை எண்ணத் தோன்றும். ‘றை’ அகலத்தைத் தின்கிறது. ‘யூ’ கீழே வாலுக்கு இடம் கேட்கிறது. ‘ர்’ தலைக்கு மேலே ஒரு புள்ளி கேட்கிறது. மெடிக்கல் வாசலிலும் புரோட்டாக் கடையிலும் சிவப்பாய் ஓடுகிற பலகைகளில் பெரும்பாலானவை பி10 என்று விற்கும் வகை: 32 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம், புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர். தமிழ் இதற்குள் குனிந்து நிமிர்ந்து நடந்தாக வேண்டும்.

ஆங்கிலத்துக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. பழைய ஆர்கேட் விளையாட்டுகளில் ஓர் எழுத்துக்கு 8க்கு 8 கட்டமே போதுமானதாக இருந்தது. 1984இல் வந்த மேக்கின்டாஷ் கணினிக்காக சூசன் கேர் ‘சிகாகோ’ என்ற தடித்த எழுத்துருவைப் புள்ளி புள்ளியாக வரைந்தார். 2001இல் ஐபாடின் குட்டித் திரைக்கு அதே எழுத்துதான் வந்து உட்கார்ந்தது. வசதிக் குறைவால் பிறந்த அந்தப் படிக்கட்டு விளிம்பை இப்போது அழகுக்காகவே தேடிப் போடுகிறார்கள்: விளையாட்டுத் தலைப்பு, டி-ஷர்ட், பாட்டுக் கச்சேரிச் சுவரொட்டி.

தமிழிலும் போடலாம். கபடிப் போட்டி போஸ்டரில் நாலு எழுத்துத் தலைப்பாக வந்தால் தூரத்திலிருந்தே பிடித்து இழுக்கும். காதணி விழாப் பத்திரிகைக்கு வேண்டாம், பாட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஆனால் சாதாரண எழுத்துருவை எடுத்து ஓரத்தை மட்டும் சதுரமாக நறுக்கிவிட்டு ‘ரெட்ரோ’ என்பது சோம்பேறித்தனம். ‘ண’வின் சுழிகளில் எதைத் திறந்து விடுவது, எதை ஒடுக்குவது என்று புள்ளிக்குப் புள்ளி முடிவெடுக்க வேண்டும். கோட்டுக்கு இரண்டு புள்ளித் தடிமன் கொடுத்தாலே அந்த எழுத்து அடைத்துக்கொள்ளும். மேலே வளைத்துக் கட்டிய பழைய ‘ணை’, ‘லை’ வடிவங்களை 1978 எழுத்துச் சீர்திருத்தம் விலக்கியது இந்த வேலைக்குத் தற்செயலாய்க் கிடைத்த சலுகை.

புள்ளி என்றதும் கோலத்தை இழுக்காதவர் இல்லை. எனக்கு அது ஒட்டவில்லை. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகிறது, இங்கே புள்ளிகளே சேர்ந்துதான் கோடு.

தமிழுக்கு உள்ள ஆபத்து வேறு. ஆங்கிலப் பலகையில் ஒரு பல்பு அணைந்தால் எழுத்துக்குச் சின்னக் காயம், அவ்வளவுதான். இங்கே அணைவது மெய்யெழுத்தின் தலைப்புள்ளியாக இருந்தால் ‘பால்’ ‘பால’ ஆகிவிடும், எறையூரும் ‘எறையூர’ என்று வாயைத் திறந்தபடி நிற்கும். பலகைகளை மேலும் கீழுமாக அடுக்கினால் 32 வரிசை கிடைக்கும். அதில் தலைப்புள்ளியை 2க்கு 2 என்று வைக்கலாம். ஒரு பல்பு போனாலும் மூன்று எரியும்.