முற்றத்துக்கு வந்த பச்சை வெளிச்சம்

ஓட்டு வீடு போய்விட்டதே என்று கலங்குகிறவர்கள் நம்மிடையே நிறைய. எனக்கும் ஓடு பிடிக்கும். ஆனாலும் தஞ்சைப் பக்கத்து எங்கள் பழைய வீட்டை நினைத்தால் மனம் முதலில் போய் நிற்பது, முற்றத்தின் மேல் போட்டிருந்த பச்சை ஃபைபர் ஷீட்டில்தான். அதற்காக ஏங்கி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரியப்பா அதைப் போட்டார். அதுவரை மழை நேராக முற்றத்தில் விழும். ஓட்டுக் கூரையின் நாலு மூலைக்கும் கீழே அண்டா வைப்போம். நீளநீளமான நெளிவு ஷீட்டுகளை ஒரே ஆள் தலையில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. ஜே போல்ட்டும் தார் வாஷரும் வைத்து இரும்புச் சட்டத்தில் முடுக்கினார்கள். அன்று மத்தியானம் தாழ்வாரம், தூண், நெல் மூட்டை, சோற்றுத் தட்டு எல்லாமே இளம்பச்சை. அப்பாயிக்குப் பொறுக்கவில்லை. "வானத்தயே மூடிப்புட்டியேடா" என்று பெரியப்பாவோடு சில நாள் பேசவேயில்லை. வெயில் காலம் வந்ததும் அதே நிழலில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டதும் அப்பாயிதான். மழை பெய்தால் ஷீட்டின் இரைச்சலில் பேச்சு கேட்காது. எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு அமைதி அந்த வீட்டில் வேறெப்போதும் வாய்த்ததில்லை.

அண்ணாந்து பார்த்தால் ஷீட்டுக்குள் இழைகள் தெரியும், சேமியாவைக் கொட்டிக் கலைத்துவிட்டதுபோல. அது கண்ணாடி என்று அறிவியல் ஆசிரியர் சொன்னபோது வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. உருக்கி மெல்லிய இழையாக இழுத்துவிட்டால் அதே கண்ணாடி பெரும் இழுவிசையைத் தாங்கும். பிசின் அந்த இழைகளைச் சேர்த்துப் பிடித்து, பாரத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தும்.

பள்ளிக்குப் போகிற வழியில் ஒரு ஃபைபர் பட்டறை வந்தது. பூங்காச் சறுக்குமரம், தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு எல்லாம் அங்கே செய்தார்கள். மோல்டில் மெழுகு தேய்த்து, நிறம் கலந்த ஜெல்கோட் என்ற மேல்பூச்சு அடித்து, கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் என்கிற பிசினில் ஊறவிட்டு, காற்றுக் குமிழி தங்காமல் ரோலரால் உருட்டுவார்கள். கேட்டலிஸ்ட் கலந்துவிட்டால் ரெசின் சூடேறி இறுகிவிடும், அதற்குள் கை வேலை முடிய வேண்டும். ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் வாசம் தெருமுனை வரை வரும். அங்கே வேலை பார்த்த அண்ணன்களின் முன்கை எப்போதும் அரித்துச் சிவந்திருக்கும். இந்தப் பொருளின் கதையில் அந்தக் கைகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

பல காலம் கழித்து, 1957இல் கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட மான்சாண்டோ கம்பெனியின் 'எதிர்கால வீடு' பற்றிப் படித்தேன். எம்.ஐ.டி.யின் மார்வின் குடி, ரிச்சர்ட் ஹாமில்டன் வடிவமைத்தது. நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து தூண் இல்லாமல் நாலு புறமும் நீண்ட ஃபைபர் சிறகுகள். 1967இல் இடிக்க வந்தவர்கள் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றிருந்தார்கள். இரும்புக் குண்டு சுவரில் மோதி எகிறித் திரும்பியது. அறுத்தும் நெரித்தும் பிரித்தெடுக்க இரண்டு வாரம் ஆனது. வலு இருந்தபோதே, பார்க்கிறவர்களுக்குப் பழகிப்போனதால் போன வீடு அது. பின்லாந்தின் மாட்டி சூரோனென் 1968இல் செய்த ஃபுட்டுரோ, 16 துண்டுகளைப் பூட்டி எழுப்பும் பறக்கும் தட்டு வீடு. 1973 எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை எகிற, அதுவும் நூறைத் தொடாமல் நின்றுபோனது. இவற்றின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தாழ்வாரத்துப் பச்சை நினைவுக்கு வரும். அந்த வீடுகளை வார்த்தவர்கள் நம்பிய எதிர்காலத்தில் ஒரு கீற்று எங்கள் முற்றம் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

எங்கள் ஷீட்டை வெயில் தின்றது. புற ஊதாக் கதிரில் மேல் பிசின் அரிய, இழை வெளியே தலை நீட்ட, தூசியும் பாசியும் பிடித்துப் பச்சை பழுப்பானது. வீடு கைமாறியது. வாங்கியவர்கள் முற்றத்தைத் தளம் போட்டு மூடினார்கள்.

இன்று ஃபைபர் இல்லாத இடமில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கல்யாண மண்டபத்துக் கற்றூணைத் தட்டினால் உள்ளே வெற்றொலி. தேக்கு ரேகை ஓடும் கதவைத் தூக்கினால் கனமே இல்லை. வெளிச்சத்தை உள்ளே விட்ட பொருளுக்கு மற்றவற்றின் தோலைப் போர்த்திவிட்டார்கள் என்பதுதான் என் ஆற்றாமை. வேறு வழி இல்லாமலும் இல்லை. 2016இல் விரிவாக்கித் திறந்த சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முகப்பில் 700க்கும் மேற்பட்ட ஃபைபர் பலகைகள் தங்கள் சொந்த அலைநெளிவோடு நிற்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013இல், உரத் தொழிற்சாலைக் கழிவான ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்த பலகைகளைக் கொண்டு நாலு குடியிருப்புகளை ஏறக்குறைய ஒரு மாதத்தில் எழுப்பிக் காட்டினார்கள்.

வீடு கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஃபைபரில் ஏதாவது செய்யச் சொல்லும்போது தேக்கு மாதிரி, கருங்கல் மாதிரி என்று கேட்காதீர்கள். மாடிப்படிக்கு மேலேயோ கொல்லைத் தாழ்வாரத்திலோ இழை தெரிகிற மாதிரி, வெளிச்சம் உள்ளே வருகிற மாதிரி கேளுங்கள். செய்கிறவர்களுக்குக் கையுறையும் மூக்குக் கவசமும் வாங்கிக் கொடுங்கள்.