வாலைப் பிடித்தால் பாட்டு வரும்!

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

விளையாட்டு என்றால் பந்தும் கயிறும் வேண்டும் என்பதில்லை. எழுத்து ஒன்று கிடைத்தால் போதும்! ‘பாட்டுக்குப் பாட்டு’ ஆடாத தமிழ்ப் பெண்ணும் உண்டோ? ஒருத்தி பாடி நிறுத்திய எழுத்தில் அடுத்தவள் தொடங்க வேண்டும் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. இந்த ஆட்டத்திற்குக் கடல் கடந்த சகோதரி ஒருத்தி இருக்கிறாள். ஜப்பானில் பிறந்த அவளுடைய பெயர் ‘ஷிரிதோரி’. அவளை எங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தவர், அந்நாட்டில் பல்லாண்டு பணிபுரிந்துவிட்டு இவ்வாண்டு எங்கள் மடத்திற்கு வந்து தங்கியிருந்த ஒரு சிஸ்டர்.

‘ஷிரி’ என்றால் பின்பக்கம். ‘தோரி’ என்றால் எடுப்பது. ஒரு சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துக்கொண்டு அடுத்த சொல்லைத் தொடங்க வேண்டும். கேட்டதும் எங்களுக்கு அந்தாதிதான் நினைவுக்கு வந்தது. அந்தம் ஆதியாவது அந்தாதி என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோமே! வழக்கமாகப் பெயர்ச்சொற்களை வைத்து ஆடுவார்கள். பாட்டுகளின் பெயர்களை மட்டும் சொல்லி ஆடுவதும் உண்டு. சிஸ்டர் எங்களுக்குக் கற்றுத் தந்தது இந்த இரண்டாவது வகை. பாட்டைப் பாட வேண்டியதில்லை. அதன் பெயரைச் சொன்னால் போதும்.

ஜப்பானிய எழுத்துகள் எப்படித் தொடங்குகின்றன தெரியுமா? அ, இ, உ, எ, ஒ! பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகின்றன. வடமொழி எழுத்துகளைக் கற்ற பௌத்தத் துறவிகள் வழியே இந்த வரிசை அங்கே அமைந்தது என்று சிஸ்டர் சொன்னபோது, தூரத்து உறவினர் வீட்டிற்குள் நுழைந்தது போல் இருந்தது எங்களுக்கு. அவர்களுடைய எழுத்துகள் எல்லாமே உயிராகவோ உயிர்மெய்யாகவோ இருக்கும். தனியே நிற்கும் மெய் ஒன்றே ஒன்றுதான். அது ‘ன்’. எந்த ஜப்பானியச் சொல்லும் ‘ன்’ என்று தொடங்காது. ஆகவே ‘ன்’ என்று முடியும் பெயரைச் சொன்னவள் தோற்றாள், ஆட்டமும் முடிந்தது. முன்பு சொன்ன பெயரைத் திரும்பச் சொன்னாலும் தோல்வியே.

இதே விதியைத் தமிழில் வைத்து ஆடிப் பார்த்தோம். மூன்றாவது சொல்லிலேயே முட்டிக்கொண்டது. மரம், பால், கண், நாள், தமிழ் - இவற்றின் கடைசி எழுத்தில் எதைத் தொடங்குவது? மெய் மொழிக்கு முதலாகாது என்று நன்னூல் கதவைச் சாத்திவிட்டதே! ‘ல்’லை ‘ல’ ஆக்கிக்கொள்ளலாம் என்றாலும் ல, ள, ழ, ண, ற, ன ஆகியவை நம் சொற்களில் முதலில் வாரா. ஜப்பானியருக்கு வழியில் ஒரே ஒரு பள்ளம். நமக்கோ ஊரெல்லாம் பள்ளம்!

அந்த ஒரே பள்ளத்தில் அருமையான பாட்டுகள் சில விழுந்து கிடக்கின்றன. ‘ஸோ-சான்’ என்பது ஜப்பானியக் குழந்தைகள் எல்லோரும் அறிந்த பாட்டு. எழுதியவர் மாதோ மிச்சியோ. இசையமைத்தவர் தான் இக்குமா. ‘ஸோ’ என்றால் யானை. ‘சான்’ என்பது மரியாதைச் சொல். நம் வழக்கில் ‘யானையார்’ என்று சொல்லலாம். போர்க்காலத்தில், 1943-இல், டோக்கியோவின் உஎனோ விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த யானைகளைப் பட்டினி போட்டுச் சாகவிட்டார்கள். போர் முடிந்தபின் யானை வேண்டும் என்று ஜப்பானியக் குழந்தைகள் நம் பிரதமர் நேருவிற்கு வேண்டுகோள் விடுத்தார்கள். அவரும் 1949-இல் ‘இந்திரா’ என்று தம் மகளின் பெயரிட்ட யானையை அனுப்பி வைத்தார். இப்படி யானைக்காக ஏங்கிய குழந்தைகளின் நாட்டில் யானையார் பாட்டு எவ்வளவு இனித்திருக்கும்! ஆனால் ஷிரிதோரியில் அதைச் சொல்ல முடியாது. ‘சான்’ என்று மரியாதை கொடுத்தவள் தோற்றுவிடுவாள்!

சிஸ்டர் ஒரு நீளத் தாளில் பாட்டுகளின் பெயர்களையும் பொருளையும் எழுதித் தந்தார். சிலவற்றைப் பாடியும் காட்டினார். தினமும் மாலை, படிப்பு மணி அடிக்கும் முன், விடுதித் திண்ணையில் வட்டமாக உட்கார்ந்து ஆடத் தொடங்கினோம்.

இங்கே எங்கள் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய சம்மதம் கேட்டே எழுதுகிறோம். அவளுக்குப் பேச்சு சற்றுத் திக்கும். பாட்டுக்குப் பாட்டு ஆடும்போது அவள் பின்வரிசையில் அமர்ந்து மதிப்பெண் குறிப்பாளே தவிர, வாய் திறக்கமாட்டாள். குரல் நன்றாக உள்ளவர்களுக்கே அந்த ஆட்டம் என்று ஒதுங்கிவிடுவாள். இந்த ஆட்டத்திலோ பாட வேண்டியதில்லை. பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து நிதானமாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கடைசி எழுத்து எல்லோர் காதிலும் விழும். எல்லோருமே நிறுத்தி நிறுத்திப் பேசும் ஆட்டம் இது! மூன்றாம் நாள் அவளாகவே மதிப்பெண் நோட்டை மூடி வைத்துவிட்டு வட்டத்திற்குள் வந்து அமர்ந்தாள்.

வந்த சில நாட்களில் அவளுக்கு ஒரு சோதனை வந்தது. ஜப்பானியரின் சொந்தச் சொற்கள் ரகர வரிசையில் தொடங்குவதில்லை. நமக்கும் அப்படித்தானே! இராமன் என்று ‘இ’யைத் துணைக்கு அழைக்கிறோம், மறைக்கல்வி வகுப்பில் ‘உரோமை’ என்று எழுதுகிறோம். அவர்களிடம் ரகரத்தில் தொடங்குபவை சீனத்திலிருந்தும் மேலை நாடுகளிலிருந்தும் வந்த சொற்கள். அவற்றுள்ளும் ‘ரு’ மிக அரிது. எனவே எதிராளியை மடக்க நினைப்பவர்கள் ‘ரு’ என்று முடியும் சொற்களையே தேடிச் சொல்வார்களாம்.

எங்களில் கெட்டிக்காரி ஒருத்தி இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டாள். அன்று ஆட்டம் இப்படிப் போயிற்று: முதலில் காக்கைக் குஞ்சுகளைப் பற்றிய ‘நனட்ஸு நோ கோ’ (1921). அடுத்து ‘கோஜோ நோ ட்ஸுகி’ (1901). பாழடைந்த கோட்டையின் நிலா என்று பொருள். அதற்கு இசையமைத்த தாக்கி ரெந்தாரோ 23 வயதிலேயே இறந்துபோனார். அடுத்துக் கெட்டிக்காரியின் முறை. ‘கிதகுனி நோ ஹரு’ (1977) என்றாள். வடநாட்டு வசந்தம் என்று பொருள். கடைசி எழுத்து ‘ரு’! அடுத்து இருந்தவள் எங்கள் தோழி.

வட்டத்தில் உடனே இரண்டு கட்சி. “ஆட்டம் என்றால் மடக்கத்தான் செய்வார்கள்” என்றது ஒன்று. “அவளுக்குப் போய் ‘ரு’ கொடுக்கலாமா?” என்றது மற்றொன்று. தாளில் ‘ரு’வில் தொடங்கும் பாட்டு ஒன்றுகூட இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேறு எழுத்து கொடுத்துவிடலாம் என்று சிலர் எழுந்தே விட்டார்கள். எங்கள் தோழி கையைத் தூக்கி எங்களை அமரச் சொன்னாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக, நடுவில் திக்கியும் நிறுத்தாமல், சொன்னாள்:

“ரூ... பி... நோ... யு... பி... வா.”

‘மாணிக்க மோதிரம்’ என்று பொருள். 1981-இல் ஜப்பானில் பெரும்புகழ் பெற்ற பாட்டு. முந்தின ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் அவள் சிஸ்டரிடம் போய், “சிஸ்டர், ‘ரு’விலே பாட்டே கிடையாதா?” என்று கேட்டிருக்கிறாள். “இல்லாமல் என்னம்மா, நாம் தேடினால் கிடைக்கும்” என்று சிஸ்டரும் கூட அமர்ந்து தேடித் தந்திருக்கிறார். ‘ரூபி’ மேல்நாட்டுச் சொல். வந்தேறிய அந்தச் சொல்தான் அன்று அவளுக்குக் கைகொடுத்தது. அடுத்தவள் ‘வ’வில் ‘வரே வா உமி நோ கோ’ (1910) என்று தொடர, ஆட்டம் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. எளிய எழுத்தை அவள் எங்களிடம் யாசிக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வட்டத்தில் ஓர் இடமும், சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கும் காதுகளுமே. அன்று முதல் எங்கள் ஆட்டத்தில் ஒரு புதிய விதி சேர்ந்தது: ஒருத்தி சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வாயில் அவளுடைய சொல் வரக்கூடாது.

இந்த ஆண்டின் கடைசி ஆட்டத்தையும் அவளே தொடங்கினாள். ‘அகா தொம்போ’ என்றாள். சிவப்புத் தும்பி என்று பொருள். கவிஞர் மிக்கி ரோஃபு 1921-இல், ஹொக்கைதோ தீவிலுள்ள டிராப்பிஸ்ட் துறவியர் மடத்தில் ஆசிரியராக இருந்தபோது எழுதியது. மறு ஆண்டு அவர் திருமுழுக்குப் பெற்றார். யமதா கோசாக்கு 1927-இல் இசையமைத்தார். ‘போ’ எழுத்தின் தோளிலுள்ள இரு சிறு கோடுகளை நீக்கினால் ‘ஹோ’ ஆகிவிடும். முன்கூட்டிப் பேசிக்கொண்டால் அதில் தொடங்கலாம். நாங்கள் ‘ஹோதரு நோ ஹிகரி’ என்று தொடர்ந்தோம். மின்மினியின் ஒளி! விளக்கெண்ணெய் வாங்க வசதியில்லாமல் மின்மினிகளைச் சேர்த்து அவற்றின் ஒளியில் படித்த ஏழை மாணவனின் பழைய சீனக் கதையைத் தழுவிய பெயர் இது. 1881-ஆம் ஆண்டுப் பள்ளிப் பாட்டுப் புத்தகத்திற்காக ஒரு ஸ்காத்லாந்து மெட்டில் அமைந்தது. ஜப்பானியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பிரியும் நாளில் பாடிவந்த பாட்டு.

அதைச் சொன்னதும் வட்டம் சற்று நேரம் அமைதியாகிவிட்டது. பொதுத்தேர்வு முடிந்தால் எங்களில் சிலர் இங்கேயே பதினோராம் வகுப்பு படிப்போம். சிலர் வேறு ஊர் போவோம். வீட்டார் முடிவிற்காகக் காத்திருப்போரும் உண்டு. ஆனாலும் பிரிவுப் பாட்டின் பெயர் ‘ன்’ என்று முடியவில்லையே! ‘ரி’ என்றுதான் முடிகிறது. ‘ரி’யில் ‘ரிங்கோ நோ உதா’ இருக்கிறது, ஆப்பிள் பாட்டு. போரில் தோற்றுச் சாம்பலாய்க் கிடந்த ஜப்பானில் 1946-இல் இசைத்தட்டாக வந்து, ஊரெல்லாம் வாய்விட்டுப் பாடிய பாட்டு அது. பாடிய நமிகி மிச்சிகோ, டோக்கியோ குண்டுவீச்சில் தாயைப் பறிகொடுத்தவர்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே! எங்கள் தோழி எழுதிவைத்த பாட்டு நோட்டை விடுதி சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறோம். ‘ரு’ பக்கத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. மீதி வெற்றிடம் உங்களுக்கு. எங்கள் ஆட்டம் நின்ற எழுத்து ‘தா’. தொடங்குங்கள்!