எது அசல்? ஓர் அம்பாசிடரும் அதன் எஞ்சின் மவுண்டிங்கும்

சித்தூரில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் தந்தையார் வாங்கிய 1960களின் அம்பாசிடரில் இன்றும் திருப்பதிக்குச் சென்று வருகிறார். அண்மையில், வண்டி நின்றபடி ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. எஞ்சினில் பழுதில்லை, அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளே இறுகிப்போயிருந்தன.

அவற்றின் பணி எளிதன்று. நான்கு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்த எஞ்சினில், தண்டு ஒருமுறை சுழல்வதற்குள் மேலும் கீழுமாக இருமுறை அதிர்வு எழும். நிமிடத்திற்கு 900 சுற்று என்றால் நொடிக்கு 30 அதிர்வு. எஞ்சினை ரப்பரில் மிதக்கவிட்டு இதனைத் தணிக்கும் முறையை 1931இல் பிளிமத் கார் பரவலாக அறிமுகப்படுத்தியது. பின்னர் பிரான்சின் சிட்ரோயனும் உரிமம் பெற்று அதனை ஏற்றது.

ஆசிரியர்முன் மூன்று வழிகள் இருந்தன. பாலியூரித்தேன் நெடுநாள் உழைக்கும், எண்ணெய்க்கும் அஞ்சாது. ஆனால் அதன் விறைப்பு அதிர்வை உடற்பகுதிக்குக் கடத்திவிடும். இரண்டாவது, புதிதாக வார்த்த இயற்கை ரப்பர். மூன்றாவது, திருப்பதிக் கடையொன்றில் பல்லாண்டுகளாகப் பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்த அக்கால உதிரிபாகம். அவர் மனம் நாடியது மூன்றாவதையே. தந்தையின் வண்டியில் அந்நியப் பொருள் ஏறுவதை அவர் விரும்பவில்லை.

மெக்கானிக் அதை வாங்கி நகத்தால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழவில்லை, விளிம்பில் மயிரிழை வெடிப்புகள். “சார், பெட்டிதான் புதுசு. ரப்பர் கிழம்” என்றார். பயன்படுத்தாவிட்டாலும் ரப்பர் காற்றால் முதிர்கிறது.

அசல் என்பது பொருளிலா, அது செய்யும் பணியிலா? பழந்தமிழ் நூல்கள் நம்மை வந்தடைந்தது முதல் ஓலை அழியாதிருந்ததால் அன்று. செல்லரித்த ஏட்டைத் தலைமுறைதோறும் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியதால். அப்பணியில் எழுதுவோரின் பிழை புகுவதுபோல், புதிய வார்ப்பிலும் பிழை புகலாம். ரப்பர் மிகையாக இளகினால் எஞ்சின் ஆடி, மின்விசிறி ரேடியேட்டரில் உரசக்கூடும். ஆகவே வடிவம் ஒத்திருந்தால் போதாது. கடினமும் ஒத்திருக்க வேண்டும்.

அவர் இறுதியில் புதிய இயற்கை ரப்பரையே தேர்ந்தார், கடினத்தை அளந்து பார்த்த பின். முன்பக்கத்தோடு கியர்பெட்டித் தாங்கலும் ஒருசேர மாற்றப்பட்டது. ஒன்று புதிதாகவும் மற்றது பழையதாகவும் இருந்தால் பாரம் ஒருபுறமாகச் சாயும். பழைய பெட்டியையும் அவர் விலைகொடுத்து வாங்கினார். அது வண்டியில் ஏறவில்லை. வீட்டு அலமாரியில் இருக்கிறது.