ஓம வாசனை வந்த கோழிக் கொட்டகை

போன வருடம் ஐப்பசி மழையில் திண்டிவனத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, குஞ்சுங்க தண்ணியே சரியா குடிக்க மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

விழுப்புரத்தில் பஸ் ஏறிப் போனேன். மயிலம் சாலையில் அவன் கொட்டகை. 2,000 பிராய்லர். கம்பெனிக்குக் கூலிக்கு வளர்ப்பவன் இல்லை. குஞ்சும் தீவனமும் சொந்தக் காசில் வாங்கி, ஊர்க் கறிக்கடைகளுக்குக் கொடுப்பவன். ஒரு பேட்ச் போனால் வீட்டு நகை பாங்கிக்குப் போகும்.

உள்ளே நுழைந்ததும் ஓம வாசனை ஆளைத் தூக்கியது. ஆன்டிபயாடிக் வேண்டாம், மூலிகை எண்ணெய் போதும் என்று யாரோ சொன்னார்களாம். ஓம எண்ணெயை வாங்கி அப்படியே மேல்தொட்டியில் ஊற்றிவிட்டான். எண்ணெய் தண்ணீரில் கரையுமா? மேலே மிதந்தது. தொட்டியின் அடியிலிருந்து குழாய் போவதால் காலையெல்லாம் வெறும் தண்ணீர்தான் போனது. தொட்டி வற்றும் நேரத்தில் எண்ணெய் மொத்தமாக இறங்கியது. அந்தக் காரத்தில் குஞ்சு எப்படிக் குடிக்கும்? தொட்டியையும் குழாயையும் கழுவச் சொன்னேன். மாலையில் குடிக்க ஆரம்பித்தன.

"இதெல்லாம் சும்மாவா மாமா? பழையபடி பவுடரையே போட்டுடட்டுமா?" என்றான்.

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. காரணம் இருக்கிறது.

நான் கால்நடை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தபோது விழுப்புரம் தனி மாவட்டம் ஆகவில்லை. 1993 வரை தென்னாற்காடுதான். அம்மா கோழிக் கழிச்சலுக்குச் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, மஞ்சள் அரைத்து உருட்டிக் கொடுப்பாள். படித்த திமிரில் நான் சிரிப்பேன். பண்ணைக்காரர்களிடம், நோய் வருமுன்னே தண்ணீரில் ஆன்டிபயாடிக் பவுடர் கலக்கச் சொன்னவன் நான். கோழியும் நன்றாகத்தான் வளர்ந்தது. 1940-களின் கடைசியிலேயே அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு உலகமே பின்பற்றியது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குச் சிறுநீரில் தொற்று வந்தது. பரிசோதனைச் சீட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்' என்று இருந்தது. அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்று அர்த்தம். அவற்றில் பாதி நான் கோழிக்குச் சொன்ன மருந்துகளின் பங்காளிகள். என் கிருமி கோழியிடமிருந்துதான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தச் சீட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

ஸ்வீடன் 1986-லேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரி 1 முதல் தடை. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கோலிஸ்டினை 2019 ஜூலையில் நம் அரசும் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று தடை செய்தது.

இந்த இடத்தில்தான் மூலிகை எண்ணெய் வருகிறது. ஓமத்தில் தைமால், கற்பூரவல்லியில் கார்வக்ரால், கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைடு. இவை கிருமியின் மேல்தோலைக் குலைக்கக் கூடியவை. செரிமான நீரையும் தூண்டுகின்றன. ஆனால் எளிதில் ஆவியாகும். குருணைத் தீவனம் தயாரிக்கும் சூட்டிலேயே வாசனை பறந்துவிடும் என்பதால் கொழுப்புப் பூச்சுக்குள் அடைத்து விற்கிறார்கள். தண்ணீரில் கொடுப்பதென்றால் கரையும்படி பக்குவம் செய்ததாக இருக்க வேண்டும்.

இதை எல்லாம் சொல்லிவிட்டு, கொட்டகைத் தரையிலிருந்து ஒரு பிடி உமியை அள்ளிப் பிழிந்து காட்டினேன். ஈரம். அமோனியா நெடியில் கண் எரிந்தது. "முதல்ல இதைப் பாருடா" என்றேன். அத்தனை வருடம் பவுடர் செய்த வேலை இதுதான். ஈரக் கூளம், நெருக்கடி, அழுக்குத் தண்ணீர் எல்லாவற்றையும் மறைத்தது. எண்ணெய் அப்படி மறைக்காது. சுத்தமான கொட்டகையில் துணை நிற்கும், அவ்வளவே. நோய் வந்துவிட்டால் கால்நடை மருத்துவரைப் பார்த்து அவர் சொல்லும் மருந்தைத்தான் கொடுக்க வேண்டும். விற்பதற்கு முன் நிறுத்த வேண்டிய நாட்களையும் மதிக்க வேண்டும்.

அடுத்த பேட்ச்சுக்குச் சாரல் அடிக்காமல் படுதா கட்டினான், புது உமி போட்டுத் தினமும் கிளறினான், 200 குஞ்சு குறைத்து விட்டான். தீவனக் கடையில் பூச்சுப் போட்ட மூலிகைக் கலவை வாங்கி, பையில் போட்ட அளவுப்படி கலந்தான். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. எடை பழையபடிதான் வந்தது; சாவு கொஞ்சம் குறைவு. எண்ணெயாலா, உலர்ந்த உமியாலா என்று கேட்டான். "தெரியலப்பா" என்றேன். பவுடர் வாங்காமல் ஒரு பேட்ச் கரையேறியது, எனக்கு அது போதும்.

அன்று திரும்பும்போது இரண்டு கிலோ கறி கட்டிக் கொடுத்தான். மனைவி, "ஓம வாசனை வருமோ?" என்றாள். வரவில்லை.

உங்கள் வீட்டுப் பாட்டிமார் கோழிக்கு என்ன அரைத்துக் கொடுத்தார்கள்? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். அம்மாவிடம் அளவு கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன்.