ஈரெழுத்து முகவரி

நுழையும்முன்

இணையக் கட்டுரைகளைப் படிப்போர் பலர்; எழுதுவோர் சிலர்; எழுதப்பட்டவற்றைப் பழுதுபார்ப்போர் மிகச் சிலர். பலர் கூடி எழுதும் விக்கித் தளங்களில், ஒரு சொல் எம்மொழிக்கு உரியது எனக் கணினிக்கு அறிவிக்கும் சிறு குறிகளைச் சரிபார்ப்போரும் அம்மிகச் சிலருள் அடங்குவர். கண்ணுக்குப் புலப்படாத அப்பணியின் இயல்பையும் பயனையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வடிவம் ஒன்று, மொழி இரண்டு

பி, ஏ, ஐ, என் என்னும் நான்கு உரோமன் எழுத்துகள் ஒரு தாளில் வரிசையாக எழுதப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். ஆங்கிலம் அறிந்தவர் அதனைப் படித்து 'வலி' எனப் பொருள் கொள்வார். பிரெஞ்சு அறிந்தவர் அதே எழுத்துகளை வேறோர் ஒலியில் படித்து 'ரொட்டி' எனப் பொருள் கொள்வார். எழுத்தில் வேறுபாடு இல்லை. வரிசையிலும் வேறுபாடு இல்லை. 'இஃது எம்மொழிச் சொல்?' என்னும் வினாவுக்கான விடையில்தான் வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. மனிதர் அவ்விடையை முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு உய்த்துணர்வர். கணினிக்கோ எவரேனும் அதனைச் சொல்ல வேண்டும்.

சொல்லின் பிறப்பிடத்தைக் குறித்து வைக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் செய்யுளில் பயிலும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்துக் காட்டியது. ஒரு சொல்லைக் கையாள்வதற்கு முன் அஃது எங்கிருந்து வந்தது என அறிதல் வேண்டும் என்னும் தெளிவு அப்பகுப்பில் உள்ளது. அன்று மனிதரின் பொருட்டுக் கேட்கப்பட்ட அவ்வினா, இன்று கணினியின் பொருட்டு மீண்டும் கேட்கப்படுகிறது.

குறி செய்யும் பணி

பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பு, மொழிகளுக்கான குறிகளை 639 என்னும் எண் கொண்ட தரத்தில் வரையறுத்துள்ளது. அதன்படி தமிழின் குறி 'டி-ஏ'; தெலுங்கின் குறி 'டி-இ'; மலையாளத்தின் குறி 'எம்-எல்'; கன்னடத்தின் குறி 'கே-என்'. இரண்டு எழுத்துகளைக் கொண்டு உலக மொழிகள் அனைத்தையும் குறிக்க இயலாது. ஆதலின் 2007ஆம் ஆண்டு வெளிவந்த அத்தரத்தின் மூன்றாம் பகுதி, ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட மொழிகளுக்கு மூவெழுத்துக் குறிகளை வழங்கியது. இணையப் பக்கத்தில் வரும் ஒரு சொல்லோடு இக்குறியைச் சேர்த்து வைத்தால், படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது; உலாவி அதனைப் படித்துக்கொள்ளும்.

அக்குறியால் விளையும் பயன்கள் பல. சீனமும் ஜப்பானியமும் பகிர்ந்துகொள்ளும் எழுத்துகள் பலவற்றுக்குக் கணினியில் ஒரே எண்தான் ஒதுக்கப்பட்டுள்ளது. 'எலும்பு' எனப் பொருள்படும் எழுத்தின் உள்ளே அமைந்த சிறு மூலைக்கோடு, சீனாவில் வழங்கும் வடிவில் ஒரு பக்கமும் ஜப்பானிய வடிவில் மறுபக்கமும் அமையும். எவ்வடிவைக் காட்டுவது என உலாவி முடிவு செய்வதற்கு மொழிக்குறி துணைபுரிகிறது. துருக்கி மொழியில், புள்ளியுள்ள சிறிய 'ஐ' என்னும் உரோமன் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றினாலும் புள்ளி நீங்காது, ஆங்கிலத்தில் நீங்கிவிடும். இவ்வேறுபாட்டையும் குறியே கணினிக்கு உணர்த்துகிறது.

இவற்றினும் முதன்மையானது செவிவழிப் பயன். பார்வைக் குறைபாடுடையோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் இணையப் பக்கங்களைக் கேட்டறிகின்றனர். ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் நடுவே ஓர் ஊரின் பெயர் தமிழ் எழுத்தில் வருகிறது என்க. குறி சரியாக இருந்து, கருவியில் தமிழ்க் குரலும் இருக்குமாயின், திரைவாசிப்பான் அவ்விடத்தில் தமிழுக்கு மாறி அப்பெயரை ஒலிக்கும். குறி தவறாக இருப்பின், வேறொரு மொழியின் குரல் அவ்வெழுத்துகளைப் படிக்க முற்பட்டுப் பொருளற்ற ஒலியை எழுப்பக்கூடும். படிக்காமல் தாவிச் செல்லவும் கூடும். கண்ணால் படிப்பவர் அங்குக் குறையேதும் இருப்பதை அறியார். செவியால் படிப்பவருக்கோ ஊரின் பெயரே இல்லாமற் போகிறது.

வார்ப்புருவும் அதன் ஆற்றலும்

'விக்கி' என்பது ஹவாய் மொழியில் விரைவு எனப் பொருள்படும். 1995ஆம் ஆண்டு வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்க நிரலாளர் உருவாக்கிய முதல் விக்கித் தளம், படிப்பவர் எவரும் அங்கேயே திருத்தலாம் என்னும் முறையைத் தோற்றுவித்தது. 2001ஆம் ஆண்டு சனவரி 15 அன்று தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா அம்முறையைக் கலைக்களஞ்சியத்திற்குக் கொண்டுவந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தோன்றியது.

விக்கியில் எழுதுவோர் மொழிக்குறிக்கான முழு நிரலையும் ஒவ்வொரு முறையும் எழுதுவதில்லை. அதற்கென 'வார்ப்புரு' ஒன்று உள்ளது. இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் வார்ப்புருவின் பெயர், மொழிக்குறி, உரிய சொல் ஆகிய மூன்றையும் இட்டால் போதும். எஞ்சியதை வார்ப்புரு செய்துவிடும். ஒரே அச்சில் பல செங்கற்களை வார்ப்பதைப் போல, ஒரு வார்ப்புரு எண்ணற்ற பக்கங்களில் பயன்படுகிறது. அச்சு கோணினால் கல் அனைத்தும் கோணும்.

ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் செய்த பிழையும் இவ்வாறே பரவியது. ஓர் ஏட்டில் நேர்ந்த பிழை, அதனைப் பார்த்து எழுதிய ஏடுகளிலெல்லாம் தொடர்ந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்குப் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர வேண்டியிருந்தது. ஆயினும் ஓரேட்டில் செய்த திருத்தம் மற்ற ஏடுகளுக்குத் தானே சென்று சேராது. வார்ப்புருவில் அது சேரும். ஓரிடத்தில் செய்யும் திருத்தம் அதனைப் பயன்படுத்தும் பக்கங்கள் அனைத்தையும் சீராக்கும். அதே காரணத்தால், ஆராயாது செய்யும் திருத்தம் அத்தனை பக்கங்களையும் கெடுக்கும். எனவே மிகுதியாகப் பயன்படும் வார்ப்புருக்களுக்குக் காப்பு இடப்பட்டிருக்கும். அவற்றை மாற்ற விரும்புவோர் 'மணல்தொட்டி' எனப்படும் சோதனைப் பக்கத்தில் முதலில் செய்து பார்த்து, உரையாடல் பக்கத்தில் பிறர் கருத்தைக் கேட்பர். அதன் பின்னரே மாற்றம் நடைமுறைக்கு வரும்.

கூவும் பிழையும் உறங்கும் பிழையும்

மொழிக்குறியில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை அறியாமையால் அல்ல, பழக்கத்தால் விளைவன. நாடுகளுக்கும் ஈரெழுத்துக் குறிகள் உண்டு. ஜப்பான் நாட்டின் குறி 'ஜே-பி'. ஆனால் ஜப்பானிய மொழியின் குறி 'ஜே-ஏ'. டென்மார்க்கின் குறி 'டி-கே'. டேனிய மொழியின் குறி 'டி-ஏ' என நினைவில் நிற்கலாம். உரோமன் எழுத்தில் அதன் முதலெழுத்து நான்காம் எழுத்தாகிய 'டி' ஆகும், தமிழின் குறிக்கு உரியதோ இருபதாம் எழுத்தாகிய 'டி' ஆகும். தமிழில் எழுதும்போதே ஒன்றாய்த் தோன்றும் இவ்விரு குறிகளும், இத்துறையில் கண் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்பதைக் காட்டும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஜப்பானியச் சொல்லுக்கு நாட்டின் குறியாகிய 'ஜே-பி' என்பதை இட்டால், அப்படியொரு மொழிக்குறி இல்லையாதலால் வார்ப்புரு சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தியைக் காட்டும். அப்பக்கத்தைப் பராமரிப்புக்கு உரிய பகுப்பிலும் சேர்க்கும். இது கூவும் பிழை. தேடிச் செல்ல வேண்டியதில்லை. பட்டியலைத் திறந்தால் கிடைத்துவிடும்.

உறங்கும் பிழை வேறு வகையினது. இந்தியச் சாலைகளில் வண்டிகளின் பதிவெண்களைப் பார்த்துப் பழகியவர், தமிழ்நாட்டுக்கு உரிய 'டி-என்' என்பதையே தமிழின் மொழிக்குறி எனக் கருதி எழுதிவிடலாம். அக்குறி தென்னாப்பிரிக்காவிலும் போட்சுவானாவிலும் பேசப்படும் சுவானா மொழிக்கு உரியது. கர்நாடக வண்டிகளில் காணும் 'கே-ஏ' என்பது மொழிக்குறியாகும்போது ஜார்ஜிய மொழியைச் சுட்டும். கேரள வண்டிகளில் காணும் 'கே-எல்' என்பது கிரீன்லாந்து மொழியைச் சுட்டும். கொரியா நாட்டின் 'கே-ஆர்', மொழிக்குறிகளுள் சாடு ஏரியைச் சூழ்ந்த பகுதிகளில் வழங்கும் கனுரி மொழிக்கு உரியது. சுவீடன் நாட்டின் 'எஸ்-இ', வட ஐரோப்பாவில் வழங்கும் வடசாமி மொழிக்கு உரியது.

இக்குறிகள் அனைத்தும் பட்டியலில் உள்ளவை. ஆகவே கணினி ஐயுறுவதில்லை. சிவப்பு எழுத்தும் தோன்றுவதில்லை. இலக்கணப் பிழையற்ற பொய்யைப் போல அப்பிழை அமைதியாகக் கிடக்கும். இல்லாத முகவரிக்கு எழுதிய மடல் திரும்பி வந்துவிடும். வேறொருவரின் முகவரிக்கு எழுதிய மடல் திரும்புவதில்லை.

திருத்துவோரின் அறிவும் பொறுமையும்

உறங்கும் பிழையை எழுப்புவதற்கும் வழியுண்டு. வார்ப்புரு, எம்மொழிச் சொற்கள் எந்தெந்தப் பக்கங்களில் உள்ளன எனத் தனித்தனிப் பகுப்புகளில் தொகுத்து வைக்கிறது. திருத்துபவர் கனுரிச் சொற்கள் உள்ள பக்கங்களின் பட்டியலைத் திறக்கிறார். அங்கே கொரிய நகரம் ஒன்றைப் பற்றிய கட்டுரை இருக்குமாயின் ஐயம் பிறக்கிறது. கட்டுரையைத் திறந்து பார்க்கையில் கொரிய எழுத்தில் அமைந்த பெயருக்குக் கனுரிக் குறி இடப்பட்டிருப்பது தெரிகிறது. 'கே-ஆர்' என்பதை நீக்கி, கொரிய மொழிக்கு உரிய 'கே-ஓ' என்பதை இடுகிறார். என்ன செய்தார் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்திற்குச் செல்கிறார்.

'கே-ஆர்' என்னும் குறியை எல்லா இடங்களிலும் ஒரே ஆணையால் மாற்றிவிடலாகாதா என வினவலாம். மாற்றினால், உண்மையாகவே கனுரி மொழிக்கு உரிய சொற்களும் கொரியச் சொற்களாகிவிடும். ஒருவருக்கு இழைத்த தவற்றைத் திருத்தப்போய் மற்றவருக்குத் தவறிழைத்ததாக முடியும். ஆதலின் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் பார்த்தல் இன்றியமையாதது.

சில இடங்களில் சரியான விடையே ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கும். பழந்தமிழுக்கெனத் தனியே 'ஓ-டி-ஒய்' என்னும் மூவெழுத்துக் குறி உள்ளது. சங்கப் பாடல் ஒன்றின் அடியை மேற்கோளாகக் காட்டும்போது எக்குறியை இடுவது? மொழி வரலாற்றை நோக்குவோர் பழந்தமிழின் குறியே பொருந்தும் என்பர். படிப்பவரை நோக்குவோர், திரைவாசிப்பான்கள் தமிழ்க் குரலைப் பொதுவாக இக்காலத் தமிழின் குறியோடு இணைத்திருப்பதால் அதுவே பயன்படும் என்பர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. இத்தகைய வினாக்களைத் தனியொருவர் முடிவு செய்வதில்லை. உரையாடல் பக்கத்தில் காரணங்கள் முன்வைக்கப்பட்டு, ஒத்த கருத்து எட்டப்படுகிறது.

சிறு மொழிகளின் உரிமை

பெருமொழி ஒன்றில் நூறு சொற்கள் இடம் மாறிக் கிடந்தாலும் அம்மொழிக்குப் பெருங்கேடு நேர்ந்துவிடாது. இணையத்தில் குறைவாகவே எழுதப்பெற்றுள்ள மொழியின் நிலை அத்தகையதன்று. சொல்திருத்தி, மொழிபெயர்ப்பி முதலிய கருவிகளை உருவாக்குவோர் இணையத்தில் கிடைக்கும் உரைகளையே திரட்டுகின்றனர். வடசாமி எனப் பெயரிட்டுச் சுவீடியச் சொற்களைக் கலந்து வைத்தால், இருக்கும் சிறிதளவு செல்வமும் கலப்படமாகிவிடும். அம்மொழி பேசும் குழந்தைக்காக உருவாகும் கருவி, அக்குழந்தையின் தாய் பேசாத சொற்களைக் கற்றுக்கொள்ளும்.

இப்பணிக்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை. மொழியறிவும் நிதானமும் தேவை. பிறமொழி விக்கிகளில் வரும் தமிழ்ச் சொற்களுக்குச் சரியான குறி இடப்பட்டுள்ளதா எனத் தமிழறிந்தவரே எளிதில் உறுதிசெய்ய முடியும். வடசாமி அறிந்தவர் வடசாமிக்கும், கனுரி அறிந்தவர் கனுரிக்கும் அவ்வாறே துணைநிற்க முடியும். சொல்லின்மேல் சுட்டியை வைத்தால் மொழியின் பெயரைக் காட்டும் தளங்களும் உண்டு. பிழை கண்டவர் 'தொகு' என்னும் இணைப்பைச் சொடுக்கித் திருத்தலாம். அத்திருத்தம் பக்கத்தின் வரலாற்றில் நாளோடும் நேரத்தோடும் பதிவாகும். தவறாக இருப்பின் பிறர் அதனை மீளமைப்பர். சரியாக இருப்பின் அது நிலைக்கும். அதன்பின் அப்பக்கத்தைச் செவியால் படிக்கும் ஒருவர், அங்கொரு பிழை இருந்தது என்பதை அறியாமலே, ஊரின் பெயரைத் தெளிவாகக் கேட்டு அடுத்த வரிக்குச் செல்வார்.