இரண்டு பேட்டரி, ஓர் இரவு

லாரி ஓட்டுவதைவிட லாரியில் தூங்குவதுதான் கஷ்டம் என்று சொன்னால், எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வரும் பையன்கள் சிரிப்பார்கள். மே மாதம் நாக்பூர்ப் பக்கம் ஒரு ராத்திரி வண்டியை நிறுத்திப் படுத்து எழுந்தால் அந்தச் சிரிப்பு போய்விடும். பகலெல்லாம் 45 டிகிரி வெயிலில் காய்ந்த கேபின், நள்ளிரவு தாண்டியும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடியை இறக்கினால் காற்றும் வரும், செல்போனைத் தேடி ஒரு கையும் வரும். இஞ்சினை ஓடவிட்டு ஏசி போடலாம்தான். ஆனால் வண்டி நகராமல் இஞ்சின் மட்டும் ஓடினால், சில நிமிடத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ‘ஐட்லிங்’ என்று விழுந்துவிடும். மாசக் கடைசியில் மைலேஜ் கணக்கோடு சேர்ந்து அது நம் படியில் கைவைக்கும்.

ஆபீஸ்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஏசியோடு நின்று ஓடும் பெரிய இஞ்சின் மணிக்கு இரண்டு லிட்டராவது குடிக்கும். எட்டு மணி நேரத்துக்கு 16 லிட்டர். டீசல் 90 ரூபாயைத் தாண்டி நிற்கும் காலத்தில், தூக்கத்துக்கு மட்டும் ஏறக்குறைய 1,500 ரூபாய். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. சும்மா நின்று ஓடும்போது சைலன்ஸருக்குப் போதிய சூடு ஏறாது. புகை வடிகட்டியில் கரி சேரும், அதை எரிக்கச் சொல்லி விளக்கு எரியும், அதற்கும் டீசல்தான் செலவு. பக்கத்து வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அதன் புகை நம் கேபினுக்குள் வரும் ஆபத்து வேறு. ஓடும் வண்டிக்குப் பக்கத்தில் நான் படுப்பதில்லை.

ஆனால் எல்லா ஐட்லிங்கும் வீண் இல்லை. காலையில் ஏர் டேங்க் நிறையும்வரை இஞ்சின் ஓடித்தான் ஆகவேண்டும். காற்று ஏறாமல் பிரேக் விடுபடாது. லோடோடு மலை ஏறி வந்து நிறுத்தினால், டர்போ சூடு தணிய ஓரிரு நிமிடம் விட்டுத்தான் அணைக்கவேண்டும். இந்த நிமிடங்களையும் தூக்கத்துக்கு ஓடியதையும் ரிப்போர்ட் ஒரே வரியில்தான் எழுதுகிறது. லோடு இறக்குமிடத்து வரிசையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்தடி நகர்ந்ததும் அதே கணக்கில்தான் சேர்கிறது.

சரி, இஞ்சின் அணைந்தாயிற்று. இனி நமக்கு இருப்பது பேட்டரி மட்டும். பெரிய வண்டிக்கு 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் 120 ஆம்பியர்-மணி என்றால், சேர்ந்தும் 120 தான். வோல்ட்தான் கூடுமே தவிர அது கூடாது. அதில் பாதியைக் காலையில் செல்ஃப் எடுப்பதற்கு என்று ஒதுக்கிவிடுவேன், பேட்டரி பழசு என்றால் இன்னும் அதிகமாக. ஆக ராத்திரிச் செலவுக்குக் கையில் 60. இருபது வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் ஏழு. இரண்டு போன் சார்ஜ் ஏற்றினால் இரண்டுக்குள். தாராளமாகப் போதும். ஆனால் இன்வெர்ட்டர் வைத்து 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு போட்டால் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அரை மணி நேரச் சமையலில் பாதிக் கையிருப்பு காலி. அவ்வளவு வேகமாக உறிஞ்சினால் பேட்டரி கொடுப்பதும் குறைந்துவிடும். கம்பெனி இன்வெர்ட்டரே கூடாது என்கிறது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மெல்லிய வயரும் ஃபியூஸ் இல்லாத இணைப்பும் கேபினை எரித்துவிடும், அதற்குத் தடை சரி. பேட்டரி ஓரத்திலேயே ஃபியூஸ் போட்டு, தடித்த வயரில் முறையாக இணைத்த சின்ன இன்வெர்ட்டருக்கு ஏன் தடை?

இதைவிட மோசம், 12 வோல்ட் ஃபேனுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் ஒரே பேட்டரியிலிருந்து வயர் இழுப்பது. “ஒரே ஒரு வயர்தானுங்கண்ணா” என்பார்கள். அந்தப் பேட்டரி மட்டும் இறங்கும். மற்றது நிறைந்தே இருக்கும். காலையில் டைனமோவுக்கு இந்தப் பேதம் தெரியாது, இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் ஊட்டும். இறங்கியதற்கு வயிறு நிறையாது, நிறைந்தது கொதிக்கும். சில மாதத்தில் இரண்டும் போகும். “பேட்டரியும் போகும், ஓனர்கிட்ட உன் பேரும் போகும் தம்பி” என்பேன். 24 வோல்ட் ஃபேன் கடையிலேயே கிடைக்கிறது. 12 வோல்ட் சாமானைத்தான் மாட்டவேண்டும் என்றால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வைத்தால் போதும்.

நிறுத்தும் இடத்தையும் சும்மா விடக்கூடாது. விடியற்காலையில் படுப்பதென்றால் வண்டி முகத்தை மேற்கே பார்த்து நிறுத்துவேன். உதிக்கும் சூரியன் முன்கண்ணாடியில் விழாது, ஒன்பது மணிவரை இழுத்துப் படுக்கலாம். கண்ணாடியைக் கால்வாசி இறக்கி, ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைத்த கொசுவலையை உள்பக்கம் மாட்டிவிடுவேன்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு கேபின் ஏசி கட்டாயம். இதைக் கேட்டு டிரைவர்கள் எல்லோருமே சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்த ஏசியின் கம்ப்ரஸரை இஞ்சின் பெல்ட்தான் சுற்றுகிறது. இஞ்சின் நின்றால் அதுவும் நின்றது. ஓட்டும்போது குளிர்ச்சி வந்துவிட்டது. படுக்கும்போது பழைய கதைதான். நின்ற வண்டியில் பேட்டரியில் ஓடும் ஏசியும் விற்கிறார்கள். 800 வாட் என்று வைத்தால் 33 ஆம்பியர் இழுக்கும். நம் 60 இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதற்கென்று தனிப் பேட்டரி வேண்டும். பகலில் ஓடும்போது டைனமோ அதை ஏற்ற வேண்டும், ராத்திரி அது செல்ஃப் பேட்டரியைத் தொடக்கூடாது.

எங்கள் முதலாளியிடம் இதைத்தான் கேட்டிருக்கிறேன். நாக்பூர் போகும் ஒரு வண்டியில் மட்டும் போட்டுப் பாருங்கள், ராத்திரிக்கு 16 லிட்டர் டீசலோடு வைத்துக் கணக்குப் பாருங்கள் என்றேன். அதுவரை கோடை மாதங்களில், ஹைதராபாத்துக்கு வடக்கே நிற்கும் வண்டிகளுக்கு முன்னிரவில் இரண்டு மணி நேர ஐட்லிங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றும் கேட்டேன். இரண்டாவதற்கு உடனே தலையாட்டினார். பேட்டரிக்கு விலை கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.