வீட்டுக்கு ஒரு குட்டியானை

வண்டி வாங்கப் போகிறேன் என்று ஒருவன் வாயைத் திறந்துவிட்டால் போதும். அதுவரை நாம் இருக்கிறோமா, போய்விட்டோமா என்று எட்டிப் பார்க்காதவர்கள்கூட யோசனை சொல்ல வந்துவிடுவார்கள். அதிலும் நான் வாங்க ஆசைப்பட்டது கார் அல்ல. முன்னால் இரண்டு பேர் உட்கார இடமும், பின்னால் திறந்த பெட்டியும் உள்ள சின்னஞ்சிறு சரக்கு வண்டி. 2005-ஆம் ஆண்டு மே மாதம் டாட்டா கம்பெனியார் அதை 'ஏஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். நம் ஜனங்கள் அந்தப் பெயரை லட்சியம் செய்யவில்லை. 'குட்டியானை' என்று தாங்களே நாமகரணம் செய்துவிட்டார்கள். பெயர் என்றால் அதுவல்லவா பெயர்!

கதை எழுதுகிறவனுக்கு யானை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். செங்கற்பட்டுக்குப் பக்கத்தில் எனக்கு அரை ஏக்கர் மாந்தோப்பு உண்டு. வாரம் இரண்டு நாள் எருவும் கன்றும் கொண்டு போயாகவேண்டும். கார்த்திகை பிறந்தால் வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவை பார்க்காமல் எனக்குப் பேனா ஓடாது. ஏரிக்கரையில் தூண்டிலைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது இன்னொரு பைத்தியம். சைக்கிளை மலையடிவாரம் வரை ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து மிதிப்பது மூன்றாவது பைத்தியம். இத்தனையையும் பழைய காரிலேயே செய்து பார்த்தாயிற்று. எரு மூட்டையின் வாசனை இருக்கையில் தங்கிவிட்டது. மீன் கூடையின் வாசனையோ அதைவிட விசுவாசமாகத் தங்கிவிட்டது.

"எருவுக்கு வண்டி சரிங்க. சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு எதிலே போறது? கூடையோடு கூடையா நானும் இறங்கணுமா?" என்றாள் என் மனைவி.

இதே சங்கடத்துக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்மணி முன்பே வழி தேடியிருக்கிறாள். விக்டோரியா மாநிலத்தில் கிப்ஸ்லாந்து என்ற பகுதியைச் சேர்ந்த குடியானவர் ஒருவரின் மனைவி அவள். 1930-களின் தொடக்கத்தில் போர்டு கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் மாதா கோவிலுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போகவும் ஒரே வண்டி வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. ஜீலாங் நகரத்துத் தொழிற்சாலையில் இருந்த லூ பாண்ட் என்ற இளைஞர், முன்பாதி காராகவும் பின்பாதி சரக்குப் பெட்டியாகவும் ஒரு வண்டியை வரைந்தார். அது 1934-இல் வெளிவந்தது. அந்த நாட்டார் இன்றும் 'யூட்' என்று கொண்டாடும் வண்டியின் பிறப்பு இதுதான். இந்தச் சரித்திரத்தை மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன். "அந்த அம்மா கேட்டாங்க. நான் கேட்கலையே!" என்று பதில் வந்தது. ஆனாலும் குரலில் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது.

பிறகு சட்டத்தைப் புரட்டினேன். வண்டியும் சரக்குமாக 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை. முதலில் வந்த குட்டியானைக்கு எல்லாம் சேர்த்து 1,550 கிலோதான். கார் ஓட்டும் லைசென்ஸே இதற்கும் போதும். 2017-இல் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்ததை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வும் உறுதி செய்தது. ஆனால் மஞ்சள் பலகை உண்டு. எப்.சி. என்கிற தகுதிச் சான்றும் உண்டு. எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருஷந்தோறும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். மனிதர்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் நல்லதுதான்!

பழைய வண்டியாகப் பார்த்தோம். எங்கள் தெரு மெக்கானிக் கூட வந்தார். நான் பெயிண்டைப் பார்த்து மயங்கி நின்றபோது, அவர் சட்டென்று தரையில் மல்லாந்து பெட்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். "ஐயா, மேலே பார்க்கிறது மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. கீழே பார்க்கிறதுதான் ஜாதகம்" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார். முதல் வண்டி மீன் ஏற்றிய வண்டி. உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அடிச்சட்டம் பொருபொருவென்று உதிர்ந்தது. இரண்டாவதில் பழைய கடன் இன்னும் ஆர்.சி. புத்தகத்தை விட்டு இறங்கவில்லை. மூன்றாவது வண்டி பால் பாத்திரம் ஏற்றியது. அதைத்தான் வாங்கினேன்.

இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், பதினாறு குதிரைச் சக்தி. நீளம் பன்னிரண்டரை அடி, அகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் சந்தில் கார் திரும்பத் திணறும் இடத்தில் இது ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளித் திரும்புகிறது. வேகம் மட்டும் கேட்கக் கூடாது. முக்கால் டன் பாரத்துக்கென்று அமைத்த இரும்புப் பட்டைகள் ஆதலால், வெறும் வண்டி பள்ளத்தில் தூக்கித் தூக்கிப் போடும். மழையில் பின் சக்கரங்களுக்குப் பிடிப்பும் குறைவு. நாலு எரு மூட்டையை ஏற்றி, பின் அச்சுக்குச் சற்று முன்னே தள்ளி வைத்துக் கட்டிவிட்டால் அடங்கி நடக்கும். பொறுப்பு விழுந்தால் நிதானம் வருவது மனிதருக்கு மட்டுமல்ல போலிருக்கிறது.

சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கும் அதில்தான் போனோம். கல்யாண மண்டபத்து வாசலில் காவற்காரர் கையைக் காட்டி, "லோடு எல்லாம் பின்பக்கம்!" என்றார். பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி தலையை நீட்டி, "நான்தாம்பா லோடு" என்றாள். காவற்காரர் அசந்துபோய் வாசலைத் திறந்துவிட்டார். அன்றோடு அந்த வழக்கு தள்ளுபடியாயிற்று.

உண்மையான சோதனை ஆடிக் கிருத்திகைக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் முந்தின நாள் வந்தார். "அண்ணே, பன்னிரண்டு பேர்தான். பின்னாலே ஜமக்காளம் விரிச்சு உட்கார்ந்துக்கிறோம். திருத்தணி போயிட்டு வந்துடலாம்" என்றார். அவர் தாயாரும் இரண்டு கைக்குழந்தைகளும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

நான் முடியாது என்றேன். சரக்குப் பெட்டியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆட்கள் எழுந்து நின்றால் பாரம் மேலேறிவிடும். சிறிய வண்டி ஒரு திருப்பத்தில் சாய அதுவே போதும். சட்டமும் இடம் கொடுக்காது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சரக்குக்குச் சொந்தக்காரருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோதான் பாதுகாப்பு. இதையெல்லாம் சொன்னேன். "ஊரெல்லாம் போறாங்க. உங்க வண்டிக்கு மட்டும் சட்டமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். என் பேத்தியும் ஏரிவரை பின்னால் நின்றுகொண்டு வருவேன் என்று அடம் பிடித்தாள். அவளுக்கும் அதே பதில்தான். அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கு மறுத்ததை என் வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பது எப்படி?

ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றார். அவர் தாயாரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வருகிறார்களாம். தலைப்பக்கம் தூக்கி வைக்கிற இரும்புக் கட்டில் ஒன்று வாடகைக்குக் கிடைத்திருக்கிறது; அதைக் கொண்டுவர வழியில்லை. நான் சாவியை எடுத்தேன். கட்டிலைப் பின்னால் கிடத்திக் கயிறு போட்டுக் கட்டினோம். அவர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாதி வழியில், "இப்ப நான் சரக்குக்குச் சொந்தக்காரன்தானே, அண்ணே?" என்று கேட்டார். "சந்தேகமில்லாமல்" என்றேன்.

இந்த மாதிரி வண்டி வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அடிச்சட்டத்தைப் பாருங்கள், எப்.சி. தேதியைப் பாருங்கள், பேரம் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முடியாது என்று சொல்லப் பழகிக்கொண்டு வாங்குங்கள். திறந்த பெட்டியைக் கண்டால் ஊருக்கு ஏறத் தோன்றும். அதில் எது ஏறலாம், எது ஏறக் கூடாது என்பதைப் பாகன்தான் முடிவு செய்யவேண்டும்.